கார் ஆம்ப்: முதலில் ஓம், அப்புறம் கிளாஸ், கடைசியில்தான் வாட்

புதுச்சேரியிலோ கடலூரிலோ கார் ஆக்சஸரீஸ் கடையில் ஆம்ப் (பாட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபையர்) கேட்டால், முதலில் வரும் பெட்டியில் "3000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஆம்பைக் கையில் எடுத்து, ஒயர் சொருகும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 25 என்று எழுதிய ஃப்யூஸ் இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அந்த ஆம்ப் பேட்டரியிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியது 50 ஆம்பியர். வண்டி ஓடும்போது வோல்டேஜ் சுமார் 13.8. பெருக்கினால் 690 வாட். உள்ளே போவதே இவ்வளவுதான் என்றால் வெளியே 3000 எப்படி வரும்? கிளாஸ் ஏபி ஆம்பாக இருந்தால் (கிளாஸ் என்பது ஆம்ப் வேலை செய்யும் முறை, படி 4இல் பார்ப்போம்) அதில் அறுபது சதவீதம், அதாவது 410 வாட் சுமாருக்கு வெளியே வரும். கிளாஸ் டி என்றால் எண்பது சதவீதம், 550 வாட். அதுவும் எல்லாச் சேனலையும், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் எல்லா வெளியீட்டையும் சேர்த்து. ஃப்யூஸ் பொய் சொல்லாது. சிஇஏ-2006 என்ற அளவீட்டுத் தரமுறைப்படி அளந்தது என்று அச்சிட்டிருந்தால் அந்த வாட்டை நம்பலாம், 14.4 வோல்ட்டில், 4 ஓம் (மின்தடையின் அலகு) சுமையில், ஒலிச் சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் எடுத்த கணக்கு அது.

புதிதாக செட் போடுகிறவர்கள் வாட்டைப் பார்த்து ஆம்ப் வாங்கி, அதற்கேற்ப சப் (பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்) தேடி, கடைசியில் ஓம் ஒத்துவராமல் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கையில் இருக்கும் ஸ்பீக்கர் எத்தனை ஓம், அதை எப்படி இணைக்கப் போகிறோம், அந்த ஓமில் ஆம்ப் எவ்வளவு தரும், எவ்வளவு சூடாகும் என்று இந்த வழியில் போனால் வாட் தானாகவே தெரிந்துவிடும்.

கணக்குக்கு ஒரே வண்டியை எடுத்துக்கொள்வோம். சின்ன ஹேட்ச்பேக். நான்கு கதவிலும் 4 ஓம், 60 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) ஸ்பீக்கர். டிக்கியில் 300 வாட் ஆர்எம்எஸ் தாங்கும் 10 இன்ச் சப் ஒன்று; அதில் இரட்டைக் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம்.

படி 1: மீட்டரை எடுத்து ஓமை அளந்துவிடுங்கள்

மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை; இனி வரும் ஒவ்வொரு அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். சின்ன எண்களை அளக்கும்போது இதை விட்டால் 2 ஓம் சப் 2.2 ஆகத் தெரியும், கணக்கு கெடும்.

ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு அளங்கள். 4 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.7 வரை காட்டும். 2 ஓம் காயில் 1.6 முதல் 1.9 வரை. இது பழுதில்லை. மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் வெறும் தடை. பாட்டு ஓடும்போது ஆம்ப் சந்திப்பது இம்பீடன்ஸ், அதாவது ஏசி சிக்னலுக்கு வரும் மொத்தத் தடை, அது சுருதிக்குச் சுருதி மாறும். பெட்டிக்குள் இருக்கும் 4 ஓம் சப், தன் ரெசனன்ஸ் (இயல்பாகவே அதிரும் சுருதி) வரும் இடத்தில் 20 ஓமையும் தாண்டலாம். பெட்டியில் போட்ட எண் என்பது ஆம்ப் தாங்க வேண்டிய அடிமட்டத்தைச் சொல்லும் ஒரு அடையாளம், அவ்வளவே.

ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் காயில் கருகி ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது கதவு ரப்பர் குழாய்க்குள் ஒயர் நசுங்கியிருக்கலாம். அதனால் ஸ்பீக்கர் முனையில் மட்டும் அளந்து நிறுத்தாமல், ஒயர் ஆம்புக்கு வந்து சேரும் முனையிலும் அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் பழுது ஒயரில். கம்பெனியில் மாட்டி வந்த ஸ்பீக்கர் எல்லாமே 4 ஓம் என்றும் நினைக்க வேண்டாம், 2 ஓமும் உண்டு.

படி 2: இணைத்த பிறகு என்ன ஓம் வரும்

சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் கூட்டல்: 4 ஓம் காயில் இரண்டு, 8 ஓம். பேரலலில் (ப்ளஸ்ஸோடு ப்ளஸ், மைனஸோடு மைனஸ்) ஒரே அளவுள்ள இரண்டைப் போட்டால் பாதி: 2 ஓம். வேறு வேறு அளவென்றால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

நம் சப்பை பேரலலில் போட்டால் 2 ஓம், சீரீஸில் போட்டால் 8. நடுவில் 4 வராது. ஆகவே இந்த சப்புக்கு 2 ஓமில் 300 வாட் தரும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்தான் பொருத்தம். ஒரு காயிலை மட்டும் இணைத்து 4 ஓம் ஆக்கிவிடலாமே என்று சிலர் செய்வதுண்டு. செய்யாதீர்கள், சப் தாங்கும் சக்தி பாதியாகி, இணைத்த காயில் மட்டும் வெந்துபோகும்.

பிரிட்ஜ் போடும் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்) இடத்தில்தான் அதிக ஆம்ப்கள் சாகின்றன. செலவு மிச்சம் என்று ஒரே ஒரு ஃபோர் சேனல் ஆம்ப் வாங்கி, முன்னிரண்டு சேனலைக் கதவுக்கும் பின்னிரண்டைப் பிரிட்ஜ் செய்து சப்புக்கும் கொடுப்பார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பிரிட்ஜ் செய்தால் இரண்டு சேனலும் ஆளுக்குப் பாதிச் சுமையைத்தான் பார்க்கும். 4 ஓம் சப்பை மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம் சுமை. நம் சப்பை பேரலலில் 2 ஓமாக மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். ஃபோர் சேனல் ஆம்ப் பெரும்பாலும் அதைத் தாங்காது. மெதுவாகப் பாடும்போது ஒன்றும் தெரியாது. வால்யூம் ஏற்றி ஒரு குத்துப்பாட்டு போட்டவுடன் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு சிவப்பாக எரியும். ஆம்ப் புத்தகத்தில் "2 ஓம் ஸ்டீரியோ, 4 ஓம் பிரிட்ஜ்" என்று இருக்கும் வரிக்கு அர்த்தம் இதுதான். பிரிட்ஜ் போடுவதாக முடிவெடுத்தால் ஒற்றைக் காயில் 4 ஓம் சப் வாங்குங்கள், அல்லது 2 ஓம் இரட்டைக் காயில் வாங்கி சீரீஸில் போடுங்கள்.

ஆம்பே இல்லாமல் டேஷ்போர்டு ஸ்டீரியோவில் நேராக மாட்டுகிறவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். பின் கதவு ஸ்பீக்கர் இருக்க, அதே ஒயரில் பின் ட்ரேயில் ஆறுக்கு ஒன்பது இன்ச் ஓவல் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கட்டினால் 2 ஓம். பெரும்பாலான ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் சின்ன ஐசி 4 ஓமுக்குச் செய்தது. முகப்பில் "50 வாட் பெருக்கல் 4" என்று எழுதியிருந்தாலும் அது சுத்தமாகத் தருவது சேனலுக்கு 15, 20 வாட்தான். அதன் தலையில் இரட்டைச் சுமை ஏற்றினால் சூடாகி விட்டு விட்டுப் பாடும்.

இரட்டைக் காயிலில் இன்னொரு சோதனை. ஒரு பென்டார்ச் செல்லை எடுத்து, ப்ளஸ்ஸை முதல் காயிலின் ப்ளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். இரண்டாவது காயிலிலும் அப்படியே. ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் முனை மாறியிருக்கிறது. அப்படியே மாட்டினால் இரண்டு காயிலும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். பேஸ் வராது, சூடு மட்டும் ஏறும்.

படி 3: குறைந்த ஓம் என்றால் நல்ல சத்தமா?

"ஒரு ஓமில் போடுங்க, அப்பதான் அடிக்கும்" என்ற பேச்சு எல்லாக் கடையிலும் கேட்கும். வாட் கூடும் என்பது உண்மை. காதுக்கு எவ்வளவு கூடும் என்பதைப் பாருங்கள். ஒரு மோனோ ஆம்ப் 4 ஓமில் 200 வாட், 2 ஓமில் 300 வாட் தருகிறது என்றால் வித்தியாசம் 1.8 டெசிபல். வாட் இரட்டித்தால்கூட 3 டெசிபல்தான். கூர்ந்து கேட்டால் தெரியும் அளவு அது.

அதற்குக் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. 500 வாட்டை 4 ஓமுக்கு அனுப்ப ஸ்பீக்கர் ஒயரில் 11 ஆம்பியர் போதும். 1 ஓமுக்கு 22 ஆம்பியர் ஓட வேண்டும். ஆம்பிலிருந்து சப்புக்கு 3 மீட்டர் தூரம், 16 கேஜ் ஒயர் என்று வையுங்கள் (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும்). போக வர 6 மீட்டர், தடை சுமார் 0.08 ஓம். 4 ஓம் சப்புக்கு இது தூசு, இரண்டு சதவீதம். 1 ஓம் சப்புக்கு ஏழு எட்டு சதவீதம் ஒயரிலேயே சூடாகப் போய்விடும். கோனைப் பிடித்து நிறுத்தும் திறனும் தளரும். ஆம்பின் டேம்பிங் ஃபேக்டர் என்பது சுமை ஓமை ஆம்பின் உள் தடையால் வகுத்த எண். 4 ஓமில் 200 என்றால் 1 ஓமில் அதே ஆம்புக்கு 50 தான். ஒயர் தடையையும் சேர்த்தால் 10க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தவில் ஒலி டக்கென்று நிற்காமல் கொஞ்சம் இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 12 கேஜ் ஒயர் போட்டால் ஒயரின் தடை பாதிக்கும் கீழே குறையும். அதற்காக டேம்பிங் ஃபேக்டர் 500 என்று அச்சிட்ட ஆம்பைத் தேடி அலையவும் வேண்டாம். காயிலின் சொந்தத் தடையே ஆம்பின் உள் தடையைவிடப் பல மடங்கு பெரியது. 50க்கு மேல் போனால் காதுக்கு வித்தியாசம் தெரிவது அரிது.

சூடு இன்னொன்று. கிளாஸ் டி ஆம்ப்கூட 4 ஓமில் 85 சதவீதத் திறனோடு ஓடினால் 1 ஓமில் 70க்கு இறங்கிவிடும். 500 வாட் வெளியே வர, முன்னதில் 90 வாட் சூடு, பின்னதில் 210 வாட். சிதைவும் ஓம் இறங்க இறங்க ஏறும். ஆம்ப் புத்தகத்தில் 4 ஓமுக்கும் 2 ஓமுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும் எண்ணை ஒப்பிட்டால் தெரியும். எங்கள் தீர்ப்பு: கதவு ஸ்பீக்கருக்கு 4 ஓம், சப்புக்கு 4 அல்லது 2. ஒரு ஓமைப் போட்டிக்குச் செட் போடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

படி 4: கிளாஸ் தேர்வு

கிளாஸ் ஏ காருக்கு வேண்டாம். பாட்டே ஓடாவிட்டாலும் கொதித்துக்கொண்டிருக்கும். மீதி இருப்பது ஏபியும் டியும். இடையில் ஜி, எச் என்று சில வரும். அவை ஏபியின் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கிச் சூட்டைக் குறைப்பவை.

ஏபியில் டிரான்சிஸ்டர்கள் அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் கைமாறும் இடத்தில் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் ஓடும். குரல், வீணை, நாகஸ்வரம் போன்றவற்றில் மேல் சுருதி மிருதுவாக இருப்பதாகப் பலர் இதை விரும்புகிறார்கள். நல்ல ஏபி ஆம்ப் அப்படித்தான் பாடும். ஆனால் பெரிதாக இருக்கும், சூடாகும்.

டியில் டிரான்சிஸ்டர் சுவிட்ச் மாதிரி விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. வெளியே போகும் முன் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஃபில்டர் அந்த வேகமான துடிப்பை வடிகட்டிப் பாட்டை மட்டும் விடுகிறது. இந்த ஃபில்டர்தான் ஓமையும் கிளாஸையும் முடிச்சுப் போடும் இடம். பெரும்பாலும் அதை 4 ஓம் சுமைக்கு அமைத்திருப்பார்கள். 2 ஓம் மாட்டினால் உச்ச சுருதி லேசாக மங்கும். 8 ஓம் மாட்டினால் லேசாக ஏறி ட்வீட்டர் கூசும். சப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அங்கே 80 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் போவதில்லை. கதவுக்கு டி வாங்கினால் "ஃபுல் ரேஞ்ச்" என்று எழுதியிருப்பதை வாங்கி, 4 ஓமிலேயே ஓட்டுங்கள். பழைய மோனோ டி ஆம்பைக் கதவுக்கு மாட்டி "டி சரியில்லை" என்று சொல்வது அந்த ஆம்ப் மேல் சுமத்தும் அபாண்டம்.

சில்வர் பீச்சில் உச்சி வெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டியின் டிக்கி எப்படிக் காயும் என்று நமக்குத் தெரியும். அந்தச் சூட்டோடு தொடங்கும் ஏபி ஆம்ப் சீக்கிரமே தெர்மல் கட் ஆகி, அதாவது சூட்டால் தானாக அணைந்து, நிற்கும். நம் கடற்கரைப் பக்கத்துக்குச் சப்புக்கு டி என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. கதவுக்கு இடமும் காற்றும் இருந்தால் ஏபி, இடம் நெருக்கம் என்றால் டி.

படி 5: பவர் ஒயரும் ஃப்யூஸும்

நம் வண்டியின் கணக்கு. சப்புக்கு 300 வாட், டி என்றால் பேட்டரியிலிருந்து 27 ஆம்பியர். கதவுக்கு 240 வாட். டி என்றால் 22, ஏபி என்றால் 29 ஆம்பியர். மொத்தம் 49 முதல் 56 வரை. இது உச்சம், பாட்டின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான், ஆகவே ஆல்டர்னேட்டர் சமாளிக்கும். ஒயரை மட்டும் உச்சத்துக்குத்தான் போட வேண்டும்.

பானெட்டிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர். 4 கேஜ் செம்பில் 49 ஆம்பியருக்கு 0.2 வோல்ட் விழும். 8 கேஜ் என்றால் அரை வோல்ட். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் இன்னும் ஒன்றரை மடங்கு. கடையில் விற்கும் மலிவான கிட்களில் பெரும்பாலும் இருப்பது இந்த அலுமினியம்தான். ஒரு இழையைப் பிளேடால் சீவிப் பாருங்கள். வெளியே செம்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அலுமினியம். வெளியே வெள்ளையும் உள்ளே செம்பும் என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. உப்புக் காற்றில் பச்சை பூக்காமல் நிற்கும், நம் ஊருக்கு அதுதான் சரி.

ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள். அது காப்பது ஆம்பை இல்லை, ஒயரை. டி செட்டுக்கு 60 ஆம்பியர், ஏபி கலந்தால் 80. பானெட் தகட்டைக் கடக்கும் துளையில் ரப்பர் வாசர் இல்லாமல் ஒயரை இழுக்கவே கூடாது.

படி 6: ஆம்ப் இடமும் எர்த்தும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர், கடலூர் பக்கம் புகுந்தது. வண்டிக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது சீட்டுக்கு அடியும் ஸ்டெப்னி குழியும். அதனால் அந்த இரண்டு இடத்திலும் ஆம்ப் வேண்டாம். பின் சீட்டின் முதுகில் மரப்பலகை அடித்து, நிமிர்ந்தபடி, சுற்றி 5 சென்டிமீட்டர் காற்றோட்டம் விட்டு மாட்டுங்கள். சப் பெட்டியின் மேல் மாட்டினால் அதிர்வில் ஈயப்பற்று விட்டுப்போகும்.

எர்த் ஒயர் பவர் ஒயரின் அதே கேஜ், 45 சென்டிமீட்டருக்குள். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதீர்கள். தகட்டில் பெயின்ட்டை வெள்ளைத் தகடு தெரியும் வரை சுரண்டி, பல் வாசர் வைத்து போல்ட்டை இறுக்குங்கள். பிறகு அதன்மேல் பெயின்ட்டோ வாசலினோ தடவுங்கள். தடவாமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். சோதிக்க, வால்யூம் ஏற்றிய நிலையில் ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 0.2க்கு மேல் போனால் மறுபடி சுரண்ட வேண்டியதுதான்.

படி 7: கெய்ன்

கெய்ன் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்க்கும் திருகு. இங்கும் ஓம் கணக்குதான். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். சப்: 300 பெருக்கல் 2, 600, வர்க்கமூலம் 24.5 வோல்ட். கதவு: 60 பெருக்கல் 4, 240, 15.5 வோல்ட்.

வண்டியைத் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து விடுங்கள். ஸ்பீக்கர் ஒயரை எல்லாம் கழற்றுங்கள். ஸ்டீரியோவில் ஈக்வலைசர், லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்யம். கெய்னைக் கீழே இறக்கி, வால்யூமை உச்சத்தில் முக்கால் பங்குக்கு வையுங்கள். சப்புக்கு 50 ஹெர்ட்ஸ் டோன், கதவுக்கு 400 ஹெர்ட்ஸ். பலர் 1000 சொல்வார்கள். மலிவான மீட்டர் ஏசி வோல்ட்டைச் சுமார் 400 ஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். மீட்டரை ஆம்ப் அவுட்புட்டில் வைத்து, கணக்கிட்ட வோல்ட் வரும் வரை கெய்னை மெல்லத் திருகி நிறுத்துங்கள். மீட்டர் முனை நழுவி ஸ்பீக்கர் டெர்மினலையும் வண்டி உடம்பையும் ஒன்றாகத் தொட்டால் ஆம்ப் போய்விடலாம். ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் இல்லை. பிறகு ஆம்பின் ஃபில்டரில் கதவுக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதற்கு மேலே மட்டும் விடும்), சப்புக்கு லோ பாஸ் 80 (கீழே மட்டும் விடும்).

எங்கே கோளாறு வரும்

வால்யூம் ஏற்றினால் மட்டும் புரொடெக்ட் என்றால், ஓம் குறைவு அல்லது எர்த் மோசம். ஆன் செய்தவுடனே புரொடெக்ட் என்றால் ஸ்பீக்கர் ஒயரை எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் ஏதோ ஒரு ஒயர் உடம்பைத் தொடுகிறது, அல்லது ஏதோ ஒரு ஸ்பீக்கர் ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றாக மாட்டிக் கண்டுபிடிக்கலாம். அணையாவிட்டால் ஆம்ப் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க "ங்ங்ங்" என்று ஏறும் சத்தம் எர்த்திலிருந்து வரும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளைப் பவர் ஒயரோடு ஒரே பக்கம் இழுத்திருந்தாலும் வரலாம். ஒன்று டிரைவர் பக்கம், மற்றது எதிர்ப்பக்கம் போகட்டும். டி ஆம்பை ஆன் செய்ததும் புதுச்சேரி வானொலியின் எஃப்எம்மில் மட்டும் இரைச்சல் என்றால், ஆம்பின் சுவிட்ச்சிங் சத்தம் ஆன்டெனா கேபிளில் ஏறுகிறது. கேபிளை ஆம்பிலிருந்து விலக்கி, பவர் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள்.

பெரிய வால்யூமில் சப் கரகரத்தால் கெய்னைக் குறையுங்கள், ஏற்றாதீர்கள். ஆம்ப் தன் எல்லையில் முட்டி அலையின் தலை வெட்டுப்படும் சத்தம் அது. அப்போது சராசரி சக்தி கூடி காயில்தான் வேகும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு எல்லா ஸ்குருவையும் ஒரு முறை இறுக்குங்கள். மென்மையான செம்பு இழை அமுங்கித் தளர்ந்திருக்கும். அப்புறம் ஆண்டுக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், பேட்டரி லக்கையும் எர்த் போல்ட்டையும் கழற்றிப் பார்த்து, பச்சையாகப் பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி மாட்டிவிடுங்கள்.